பொதுமக்களுக்கான அளவு

“வரிசையா ஒரு சுற்று வந்துடலாம். ஆளுக்கு ரெண்டு வார்த்தை. அப்புறம் சாப்பாடு,” என்று நிபுணர் குழுத் தலைவர் தேசிகாச்சாரி சொன்னதும் தாணுமாலயன் செய்த முதல் காரியம், தன் முறை எப்போது வரும் என்று மேஜையைச் சுற்றிக் கண்ணை ஓட்டியதுதான். சுற்று அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தது. அவர் இந்தக் கோடி. கடைசி ஆள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும்போது கடைசி பெஞ்சுக்காரனுக்கு ஓர் அற்ப சந்தோஷம் வருமே, நம்மிடம் வருவதற்குள் மணி அடித்துவிடாதா என்று, அது இந்த வயதில், தலை நரைத்து, ஓய்வும் பெற்று, பெயருக்குப் பின்னால் நாலைந்து பட்டங்கள் வாலாகத் தொங்கும் காலத்தில் வந்தது. வந்ததும் வெட்கமாக இருந்தது. காலையில் அந்த போன் வந்ததிலிருந்து எதைத் தொட்டாலும் வெட்கமாகத்தான் இருந்தது. ஏசி குளிர் முழங்காலைப் பிடித்தது. முன்னால் வைத்த டீயில் ஆடை படிந்து சுருங்கிக் கிடந்தது, அவர் அதைத் தொடவில்லை, தொடாமல் இருப்பதை யாராவது கவனிக்கிறார்களோ என்று மட்டும் பார்த்துக்கொண்டார். விஷயம் ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சாதாரண ஜனங்கள் மேல் ஒரு வருஷத்தில் எவ்வளவு கதிர்வீச்சு படலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது, ஒரு மில்லிசீவர்ட். மண்ணும் வானமும் தானாகத் தருவது அதில் சேராது, அது கடவுள் கணக்கு. மனுஷன் செய்த வேலையால் வருவது மட்டும்தான் சேரும். இப்போது புன்னந்துறையில், கடலோரத்தில், மணல் ஆலை கரிமணலை அள்ளி வேண்டியதைப் பிரித்தெடுத்துக்கொண்டு மிச்ச மணலைக் குடியிருப்புக்குப் பின்னால் மலையாகக் கொட்டியிருக்கிறது. அந்த மலையிலிருந்து வருவது கடவுள் கணக்கா மனுஷக் கணக்கா? மனுஷக் கணக்கென்றால் வரம்பைத் தாண்டுகிறது, ஆலை மணலை வாரிக்கொண்டு போய்ச் செம்மண் பரப்பித் தர வேண்டும். கடவுள் கணக்கென்றால் கிடந்துவிட்டுப் போகட்டும். இவ்வளவுதான். அளந்துவிட்டு வந்தவர் தாணுமாலயன். ஆகவே அவர் சொல்வதற்கு எடை அதிகம்.

அந்தக் கோடியில் முதல் ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அது அங்கேயே எடுத்த மணல், அங்கேயே போட்ட மணல், அலையே கொண்டுவந்து குவித்திருந்தால் நாம் வழக்கா போட்டிருப்போம், என்றார். சிரித்தார்கள். தாணுமாலயனும் சிரித்தார், சிரித்த பிறகுதான் சிரித்தது தெரிந்தது. இந்த வாதம் அவருக்குப் பழசு, இதை அவரே பத்து மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கரையில் மண்ணே கதிர் வீசும் மண், தலைமுறை தலைமுறையாக அதில்தான் பாய் விரித்துப் படுக்கிறார்கள், உலகத்து சராசரியைப் போல் பல மடங்கு வாங்குகிறார்கள், செத்தா போய்விட்டார்கள்? வாழைப்பழத்தில்கூட கதிர்வீச்சு உண்டு அம்மா, என்று புன்னந்துறை சமுதாயக் கூடத்தில் அவர் சொன்னபோது ஒரு கிழவி எழுந்து, “அப்பொ பழமும் திங்கப்பிடாதா சாரே?” என்று கேட்டாள். கூடமே கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார், அறியாத ஜனங்கள் என்று. இப்போது அந்தக் கிழவியின் கேள்வி வேறு மாதிரி கேட்டது. அவள் கேலி செய்திருக்கிறாள். எங்கள் வீட்டுக் கொல்லையில் மலை மாதிரி கொட்டியிருப்பதைப் பற்றிக் கேட்டால் நீ பழத்தைப் பற்றிப் பேசுகிறாயே, பெரிய மனுஷா, என்று கேட்டிருக்கிறாள். ஊருக்கு உபதேசம் செய்யப் போனவனுக்கு ஊர் செய்த உபதேசம், அது உறைக்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது. உறைக்கவும் சாமியார் போன் செய்ய வேண்டியிருந்தது. காலை அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது அந்த போன். புன்னந்துறைப் பங்குச் சாமியார், நல்ல மனுஷன், அளக்கப் போன நாட்களில் கூடவே வந்து வீடு வீடாகக் காட்டிக்கொடுத்தவர். “சார், நீங்க குருசம்மாகிட்ட என்னவாக்கும் சொன்னீங்க?” என்றார், எடுத்த எடுப்பில்.

குருசம்மாள். மணல் மலைக்குப் பக்கத்தில் கடைசி வீடு. பின்சுவரையும் மணலையும் பிரிப்பது ஒரு முள்வேலி, வேலியையும் மணல் பாதி தின்றிருந்தது. கதிர்வீச்சு அளவி அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போனதும் கிட்கிட்டென்று துரிதமாக அடிக்க ஆரம்பித்தது, அடுப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி. அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் விற்கப் போய்வந்த சேலை, முழங்கைவரை செதில் மினுக்கம். சாமியார் அடுத்த வீட்டில் யாரையோ விசாரிக்கப் போயிருந்தார். “சாரே, ஒரு காரியம் கேக்கட்டா?” என்றாள். “எம்மவ ஷைனி மாசமா இருக்கா. தலைப்பிரசவமாக்கும். ஏழாம் மாசம் இங்க கூட்டிட்டு வரணும். இந்த மண்ணு பிள்ளைய ஒண்ணும் செய்யாதுல்லா?” அவர் என்ன சொன்னார்? படித்ததைச் சொன்னார். இந்த அளவில் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் வந்ததாக யாரும் காட்டியதில்லை, தாராளமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பொய் இல்லை. இன்று இங்கே கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார். அவள் முகம் அப்படியே விரிந்தது. சாமியார் கைவைத்து ஆசீர்வாதம் செய்தால்கூட அப்படி விரிந்திருக்காது. “எனக்க மாதாவே,” என்று நெஞ்சில் குருசு போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்த வீட்டில் பால் கடன் கேட்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் பாலில்லாத கட்டன் சாயாதான் வழக்கமாம், விருந்தாளிக்குப் பால். கண்ணாடித் தம்ளரில் சாயா, ஈ விழாமல் மேலே ஒரு சின்னத் தட்டு கவிழ்த்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்தாள். “குடியுங்க சாரே.” அப்போது தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அவர் இப்போதும் எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியும். “வேண்டாம்மா. இந்த இடத்துல நாங்க ஒண்ணும் குடிக்கக் கூடாது.” கூடாது என்றார். அவள் தம்ளரின் மேலிருந்த தட்டை எடுத்தாள். பிறகு, “நாங்க குடிக்கியதாக்கும்,” என்றாள், கோபம் இல்லை, தெரிந்துகொள்ளச் சொன்ன மாதிரி. சொல்லிவிட்டு அந்தச் சாயாவை நின்ற நிலையில், அவர் முகத்தைப் பார்த்தபடியே, ஒரே மடக்காகக் குடித்து முடித்தாள். அவர் குனிந்து அளவியின் முள்ளைப் பார்த்தார். முள்ளில் பார்க்க ஒன்றும் இல்லை.

“சார் கூட்டிட்டு வரச் சொன்னாரு, ஆனா சாயா குடிக்கல, இதையேதான் சொல்லிட்டிருக்கு அந்தம்மா,” என்றார் சாமியார் போனில். ஏழாம் மாதமும் போயிற்று, எட்டும் போயிற்று. ஷைனி இன்னும் மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள். பெற்றவளுக்கு ஒரு பேறுகாலம் பார்க்க வக்கில்லையா என்று மாமியார் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாளாம், அந்தப் பெண் அம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாளாம். குருசம்மாள் மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கோயில் படியில் உட்கார்ந்து அழுகிறாளாம். கூட்டிக்கொண்டு வரவும் பயம், வராமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு தம்ளர் சாயா. அதற்கு இத்தனை நீளம் கை இருக்கும் என்று யார் கண்டது. “இதோ பாருங்கள்,” என்று இரண்டாவது ஆள் மேஜையைத் தட்டினார், “கொஞ்சம் கதிர்வீச்சு உடம்புக்கு நல்லதுன்னே சில பேர் சொல்றாங்க, தடுப்பூசி மாதிரி,” என்றார், அதற்கு யாரோ, அப்படியானால் ஆலை மணலுக்கு ஜனங்கள் காசு கொடுக்க வேண்டியதுதான், என்றார்கள், மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை தாணுமாலயன் சிரிக்கவில்லை. சிரிக்காததில் ஒரு சின்னத் திருப்தி எழுந்தது, அந்தத் திருப்தியைப் பார்த்ததும் அதுவும் அசிங்கமாக இருந்தது. நான் நல்லவன், நான் சிரிக்கவில்லை. எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது நல்ல பெயர்.

ஆனால் அது பழக்கம், வேறொன்றுமில்லை, என்று மனம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது, கோர்ட்டில் குமாஸ்தா வாய்தா கேட்பதைப் போல, அலுக்காமல். அணு உலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்தது அது. உள்ளே போனால் கையும் வாயும் சந்திக்கக் கூடாது. சாப்பிடாதே, குடிக்காதே, நகம் கடிக்காதே, வியர்வையைத் துடைக்காதே, பீடியைப் பற்றி நினைக்காதே. பிறகு அவரே எத்தனை பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், மீறிய ஒருவனை எல்லார் முன்னாலும் ஏசியிருக்கிறார். அளவியைக் கையில் எடுத்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஒரு தடவை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவி பகவதி காப்பி கொண்டுவந்தாள், அவர் டபராவைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார். “அந்தப் பொட்டிக்கு முன்னால உங்களுக்கு மௌனவிரதம்லா,” என்று பகவதி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். சாட்சி இருக்கிறது, பகவதியையே கூப்பிட்டுக் கேட்கலாம். விதி, பழக்கம், தொழில் ஒழுக்கம். சரி, விதி என்றே இருக்கட்டும், விதி எதற்கு? ஆபத்துள்ள இடத்துக்கு. குடிக்கக் கூடாத இடம் என்று உன் கைக்குத் தெரிந்த ஓர் இடத்தில் அந்தப் பெண் மூன்று வேளையும் உலை வைத்து வடித்துத் தின்கிறாள். அதை இயற்கை என்று சொல்லப் போகிறாயா? வாய் ஒன்று சொல்கிறது, கை ஒன்று சொல்கிறது. எதை நம்ப வேண்டும் என்று குருசம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அது பயமா? பயந்தேனா? இத்தனை வருஷம் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேனா? அப்படியென்றால் இங்கே சொல்லிவிட வேண்டியதுதான். ஐயா, நான் அங்கே குடிக்கவில்லை, ஆகவே அந்த மணலைக் கணக்கில் சேருங்கள். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வரும், வரட்டுமே. அந்தப் பெயரை யாராவது இப்போது கொடுத்தால் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அதில் ஒரு கௌரவம்கூடத் தெரிந்தது.

டாக்டர் ருக்கையா பேச ஆரம்பித்திருந்தார். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கணக்கெடுப்புப் பிரிவு, சின்ன வயசு, இந்த மேஜையில் ஒரே பெண், அதனால் எல்லாரும் அவரிடம் மட்டும் ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள், ஒன்றையும் கேட்கமாட்டார்கள். “ஜப்பான்ல குண்டு விழுந்த ஊர்கள்ல பிழைச்சவங்க கணக்கு நம்மகிட்ட இருக்கு. அதிகமா பட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும். அங்கேர்ந்து கீழே பூஜ்யம் வரைக்கும் ஒரு நேர்கோடு போடறோம். கீழ இருக்கிற இடத்துல அந்தக் கோடு சரியான்னு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு கிலோ உப்பு தின்னா சாவான், அதுக்காக ஒரு சிட்டிகை தின்னா கொஞ்சமா சாவானான்னு தலைவர் போன தடவை கேட்டார். நியாயமான கேள்வி. ஆனா ஒண்ணு. தெரியாதுங்கிறது உண்மைன்னா, அந்தத் தெரியாததை யார் தலையில வைக்கிறோம்? மணலை வித்தவங்க தலையிலயா, மணலுக்குப் பக்கத்துல படுத்திருக்கிறவங்க தலையிலயா? நான் கேக்கறது அவ்வளவுதான். கணக்கில சேர்க்கணும்.” சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். தலைவர், “அழகா சொன்னேள்,” என்றார். அடுத்த ஆள் அதற்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி செம்மண் லாரி வாடகையைப் பற்றி ஆரம்பித்தார். சரியாகச் சொல்கிறாள் பெண் என்று தாணுமாலயனுக்குத் தோன்றியது. என் முறை வரும்போது நானும் அதையே சொல்லிவிடுவேன், அதோடு சாயாவையும் சொல்லிவிடுவேன். எப்படி ஆரம்பிக்கலாம்? அந்தக் கடைசி வீட்டில் ஒரு நாள்... அன்றைக்குக் காலையிலேயே வெயில்... அன்றைக்கு மத்தியானம்... மத்தியானம் என்றதும் நினைவு எதிலோ தட்டி நின்றது. பல்லில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி. என்ன மத்தியானம்? ஒன்றுமில்லை, மத்தியானம் ஆலைக்குப் போனோம், அவ்வளவுதான். அன்றைக்குக் காலை குருசம்மாள் வீடு, மத்தியானம் ஆலை. ஆலை மேலாளர் அறை. அங்கே என்ன? அங்கே ஒன்றுமில்லை. செம்மண் ஒரு லோடு என்ன விலை என்று இங்கே மேஜையில் அந்த ஆள் சொல்லிக்கொண்டிருந்தார், தாணுமாலயன் மிகுந்த அக்கறையோடு கேட்கத் தொடங்கினார், வாழ்நாளில் செம்மண் விலையை அப்படி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மேலாளர் அறையில் சோபா இருந்தது. சோபாவில் அளவியைப் பக்கத்தில் வைத்திருந்தார், அணைக்காமல், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, குருசம்மாள் வீட்டுச் சுவரில் அடித்ததைவிட வேகமாக, ஏனென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் பிரித்தெடுத்த மணலின் மூட்டை அறை. “சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கலாமா?” என்று மேலாளர் கேட்டார், அவர் குறைத்தார். மேலாளர் நம்ம பக்கத்து ஆள். சொன்னாரே, “நாம ஒரே பக்கத்து ஆளுகள்லா, உங்க அம்மைக்க ஊருக்கு அடுத்த ஊருதான் எனக்கு,” என்று. பீங்கான் கோப்பையில் டீ வந்தது, இஞ்சி தட்டிப் போட்டது. தட்டில் வெல்லப்பாகு மணக்கும் முந்திரிக்கொத்து. வீட்டில் செய்தது, எடுத்துக்கணும் என்றார். அவர் எடுத்துக்கொண்டார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். விரலை நக்கினார். கையும் வாயும் சந்தித்தன. முப்பது வருஷத்து விதி, பகவதி சாட்சி சொல்லும் மௌனவிரதம், அந்த முந்திரிக்கொத்துக்கு முன்னால் எங்கே போயிற்று? தாணுமாலயனுக்குக் காது மடல் சூடாகிக் கழுத்துவரை இறங்கியது. பக்கத்திலிருப்பவர் பார்த்துவிடுவாரோ என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். விதியும் இல்லை. பயமும் இல்லை. பயந்தவன் மூட்டை அறைக்கு ஒட்டி உட்கார்ந்து விரலை நக்குவானா? அப்படியானால் மிச்சம் என்ன? வேண்டாம். மிச்சத்தைப் பார்க்க வேண்டாம். ஆனால் அது காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, கூப்பிட்டால் வரக் காத்திருக்கும் ஆளைப் போல, அவர்தான் விதியையும் பயத்தையும் முன்னால் தள்ளித் தள்ளி மறைத்துக்கொண்டிருந்தார். சின்ன வயசில் வீட்டுப் புறவாசல். மதிலின் மேல் கவிழ்த்து வைத்த அலுமினியத் தம்ளர். மீன்காரி கூடையை இறக்கியதும் அம்மா அதில்தான் தண்ணீர் ஊற்றுவாள், அவள் குடித்துவிட்டு அவளே கழுவி அவளே கவிழ்த்துவிட்டுப் போவாள். ஒரு நாள் விளையாடிவிட்டு ஓடிவந்த தாகத்தில் அவர் அந்தத் தம்ளரில் மொண்டு குடித்துவிட்டார். அம்மா அடிக்கவில்லை. உப்புத் தண்ணீர் கரைத்துக்கொடுத்து, கொப்பளி, இன்னும் கொப்பளி என்றாள், தொண்டை எரிகிறவரை. எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

அதையெல்லாம் தாண்டி வந்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தார். ஹாஸ்டலில் ஒரே தட்டில் நாலு பேர் சாப்பிட்டிருக்கிறார், கல்யாணத்தில் ஜாதகம் பார்க்கவில்லை, யாராவது சாதி பேசினால் முதலில் எழுந்துபோவது அவர்தான். மூளை தாண்டிவிட்டது. தம்ளரை நீட்டியபோது மூளையிடம் யார் கேட்டார்கள்? செதில் மினுக்கிய கை, மீன் வாடை, அதற்குள் உதடு இறுகிவிட்டது, இறுகிய உதட்டுக்கு ஒரு காரணம் வேண்டும், ஓடிப்போய் விதியை எடுத்துவந்து கொடுத்துவிட்டது நாக்கு. இந்த இடத்துல நாங்க ஒண்ணும் குடிக்கக் கூடாது. அவள் என்ன நினைத்தாள்? மண் விஷம் என்று நினைத்தாள். நல்லவள், மண்ணைத்தான் சந்தேகப்பட்டாள், அவரைச் சந்தேகப்படவில்லை. அப்படியா? நாங்க குடிக்கியதாக்கும் என்றாளே, முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தாளே, அவளுக்கு இரண்டும் தெரிந்திருக்குமோ, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டாளோ? இப்போது அவளுடைய பயத்தைத் தீர்க்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அம்மா, உன் மண்ணில் ஒன்றும் இல்லை, நான் குடிக்காதது உன் கைக்காக, என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல இந்த நாக்கு வருமா? பயந்தேன் என்று இங்கே சொல்வதாக இருந்த திட்டமும் போயிற்று, பயம்தான் இல்லையே, இல்லாத பயத்தைச் சாட்சிக்கு இழுத்தால் அதுவும் ஒரு பித்தலாட்டம். ருக்கையா சொன்ன நியாயம் மட்டும் அப்படியே நிற்கிறது, அதற்கு சாயாவும் வேண்டாம் முந்திரிக்கொத்தும் வேண்டாம், சேர்க்கணும் என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் யாராவது, ஏன் தாணு, அங்கே ஏதாவது பார்த்தீர்களா, என்று கேட்பார்கள். கேட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இப்போதே காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறதோ என்னவோ.

“தாணு,” என்றார் தேசிகாச்சாரி. “நீங்கதான் நேர்ல பார்த்தவர். ரெண்டு பக்கமும் சமமா வந்து நிக்கறது. சொல்லுங்கோ.” எல்லாத் தலைகளும் திரும்பின. ருக்கையா பென்சிலை எடுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார், அந்த முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. “சார், நான் அந்தக் கடைசி வீட்டில்...” என்று ஆரம்பித்தார். ஆரம்பித்த குரல் வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது. “கடைசி வீட்டில்?” என்றார் தலைவர். தாணுமாலயன் ஆடை படிந்த டீயைத் தள்ளி வைத்தார். “கடைசி வீட்டில் எடுத்த அளவுகள்ல கொஞ்சம் நிச்சயமின்மை இருக்கு. மழைக்காலத்துக்கும் கோடைக்கும் வித்தியாசம் வரும். இப்பவே ஒரு முடிவு எடுக்கறது அவசரமாயிடும். இன்னும் விரிவா ஓர் ஆய்வு செய்யணும்னு நினைக்கிறேன்.” அறையில் ஒரு பெருமூச்சு, எல்லாருடையதும் சேர்ந்து. சேர்க்கச் சொன்னவர்களும் தோற்கவில்லை, வேண்டாம் என்றவர்களும் தோற்கவில்லை. “இதுதான் விஞ்ஞானிக்கு அழகு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற நேர்மை,” என்று தேசிகாச்சாரி கையை நீட்டி அவர் தோளைத் தட்டினார். “அந்த ஆய்வையும் நீங்களே எடுத்துக்கோங்கோ. உங்க ஜில்லாதானே.” சரி சார் என்றார். ருக்கையா பென்சிலைக் கீழே வைத்தார். எல்லாரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார்கள், மோர்க்குழம்பு வாசனை வந்தது, வாசலில் ருக்கையா அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஆய்வு முடியிற வரைக்கும் அந்த மணல் அங்கேயேதான் இருக்கும், இல்லையா சார்?” என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “இருக்கும்,” என்றார் தாணுமாலயன்.

வராந்தாவில் போன் அடித்தது. சாமியார். காலையில், கூட்டம் முடிந்ததும் பேசுகிறேன் என்று சொல்லிவைத்திருந்தது அவருக்கே மறந்துபோயிருந்தது. “சார், குருசம்மா இங்க எனக்கப் பக்கத்துலதான் நிக்குது. எதுக்கு சார் சாயா குடிக்கலன்னு ஒரு வார்த்த கேட்டுச் சொல்லணுமாம். மண்ணுக்காகவான்னு கேக்குது. அது தெரிஞ்சாத்தான் பிள்ளையக் கூட்டிட்டு வருமாம். நாளும் நெருங்கிட்டு.” பின்னணியில் கடல் இரைந்தது, ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. அவளுக்கு வேண்டியது ஓர் உண்மை. கையில் இருந்தது ஒரே உண்மை, அதைச் சொல்லாமலே அவளைத் தேற்ற ஒரு வழி இருந்தால், அவருக்கும் கௌரவம் மிஞ்ச ஒரு வழி இருந்தால். இருந்தது. நாக்கு இந்தத் தடவையும் ஓடிப்போய் எடுத்து வந்தது. “மண்ணுக்காக இல்ல சாமி. எனக்கு சுகர். டாக்டர் இனிப்பே தொடக் கூடாதுன்னுட்டார். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு ஏதோ சொல்லிட்டேன்னு சொல்லுங்க,” என்றார். “அட, இவ்வளவுதானா!” என்று சாமியார் வாய்விட்டுச் சிரித்தார், போனை வாயிலிருந்து எடுக்காமலே பக்கத்தில் சொன்னார், அந்தப் பக்கம், எனக்க மாதாவே, என்று ஒரு குரல் அழுகையும் சிரிப்புமாக எழுந்தது. “பாவம், சார்க்கு சுகராக்கும், நான் அந்த மனுஷனப் போயி தப்பா நெனச்சிட்டனே,” என்று அது சொல்வது தெளிவாகக் கேட்டது. “சார், இன்னிக்கே வண்டி பிடிச்சுட்டுப் போகுதாம். பொழுது சாயறதுக்குள்ள ஷைனி இங்க வந்திருவா,” என்றார் சாமியார். தாணுமாலயன் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். “நல்லது சாமி,” என்றார்.